ராமமூர்த்திக்கு இடமில்லை

"எம்ஜிஆர் பாட்டா ஒரு முப்பது ஏத்திக் குடு தம்பி. சிவாஜி வேணாம்."

கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரி அண்ணன் ஒருவர் மேசையில் வைத்த சாமான், கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் எம்பி3 பிளேயர். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனதாம். கொடுத்தவனுக்குப் பாட்டு ஏற்றித் தர நேரமில்லை. கணினியில் செருகிப் பார்த்தேன், 128 எம்பி. பிறகு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பையனுக்குரிய மும்முரத்தோடு கேட்டேன்: "யாரு பாடுனதுண்ணே வேணும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் சொன்னேனே, எம்ஜிஆர்."

இது 2004. மலேசியாவின் தாப்பா பட்டணத்தில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சீனத் தவுக்கே ஒருவரின் கணினிக் கடை. பிரிண்டருக்கு மை நிரப்புவோம். வைரஸ் பிடித்த கணினியைக் கழுவி விடுவோம். பள்ளிப் பிள்ளைகளின் ஃபோலியோவை அச்சடித்துச் சுருள்கம்பி கோத்துக் கொடுப்போம். இதற்கு நடுவில் தமிழ் ஆட்கள் பாட்டுக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். தவுக்கேக்கு எம்ஜிஆரும் தெரியாது, எம்எஸ்வியும் தெரியாது. அதற்காகத்தான் என்னை வைத்துக்கொண்டார். ஐந்து வருடம் அங்கே உட்கார்ந்து பாட்டு ஏற்றினேன். ஊரில் என் பெயரே 'பாட்டு ஏத்துற தம்பி' என்றாகிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குத் தாப்பா என்பது கேமரன் மலைக்குத் திரும்பும் முனை, அவ்வளவுதான். நெடுஞ்சாலையிலிருந்து இறங்குவார்கள், பசியாறுவார்கள், 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வளைந்து வளைந்து ஏறிப் போய்விடுவார்கள். ரயில்கூட ஊருக்குள் வருவதில்லை. நிலையம் பல கிலோமீட்டர் தள்ளித் தாப்பா ரோட்டில் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கியவர்கள் வாடகைக் காடிக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் கடைக்கு வந்தவர்கள் மலை ஏறிப் போகிறவர்கள் அல்லர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்தவர்கள். கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு, லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு தாமான்களுக்கு வந்தவர்கள். வரும்போது உளியையும் வாளியையும் விட்டுவிட்டு வந்தார்கள், பாட்டை விடவில்லை.

தோட்டத்துக்குள் பாட்டு நுழைந்த வழிகளைச் சொன்னால்தான் லாரி அண்ணனின் பதில் புரியும்.

முதலில் ரேடியோ. 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியது. 1948இல் அவசரகாலம் வந்தது. தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் ஊர் கூடிக் கேட்பதற்கென்று அரசாங்கமே ரேடியோப் பெட்டி வைத்தது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம் ஜனங்கள் காதில் விழட்டும் என்று. அந்தப் பிரசார வேலைக்குத் தலைமை ஏற்க 1950இல் லண்டனிலிருந்து வந்த ஹ்யூ கார்ல்டன் கிரீன், பத்தாண்டுகள் கழித்து பிபிசியின் தலைமை இயக்குநர் ஆனார். பிரசாரம் எவ்வளவு தூரம் பலித்தது என்பதை வரலாற்றுக்காரர்கள் சொல்லட்டும். எங்கள் பாட்டிக்கு அந்தப் பெட்டியிலிருந்து நினைவிருந்ததெல்லாம் பாட்டுதான்.

அடுத்தது கோயில் திருவிழா ஒலிபெருக்கி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம்: திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம். அம்மா சொல்வார், திரைக்கு முன்னால் இடம் பிடிக்க முடியாதவர்கள் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் வலமிடமாகத் தெரியும். எம்ஜிஆர் இடது கையால் கத்தி சுழற்றுவார். அதனால் குறை ஒன்றுமில்லை, பாட்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே கேட்கும். மறுநாள் இருட்டோடு, ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிரையில் மரம் சீவும்போது வாயில் வருவது அந்தப் பாட்டு. அதைப் பாடியவர் சென்னையில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் ஒலிவாங்கி முன் நின்றார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். திடலில் உட்கார்ந்து பார்த்தவருக்கு வாயசைத்தவர்தான் பாடியவர்.

இதை அறியாமை என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. டி.எம். சௌந்தரராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சிவாஜிக்குப் பாடிய 'தூக்குத் தூக்கி'யும் எம்ஜிஆருக்குப் பாடிய 'மலைக்கள்ள'னும் ஒரே ஆண்டில், 1954இல் வந்தவை. அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருவருக்கும் அவர்தான் குரல். சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து எடுப்பார், எம்ஜிஆருக்கு மூக்கோடு சேர்த்து நிமிர்த்துவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட யாருக்கான பாட்டு என்று தோட்டத்துப் பிள்ளை சொல்லிவிடும். கணினியிடம் கொடுங்கள், இரண்டையும் ஒரே பெயரின் கீழ் கொட்டிவிடும். டிஎம்எஸ் தன் தொழில் திறமை முழுவதையும் செலவழித்துப் பிரித்து வைத்ததைக் கணினி ஒரு நொடியில் கலந்துவிடுகிறது. இதில் யாருக்குச் செவி இருக்கிறது?

இப்போது ஏற்றும் வேலைக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. சிடியைப் போட்டால், ஒவ்வொரு நொடிக்கும் 44,100 முறை அளந்து எழுதிய ஒலியை மென்பொருள் படித்து, நம் காது எப்படியும் கவனிக்காது என்று அது முடிவு செய்யும் பகுதிகளைக் கழித்துக் கட்டி, பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக் கொடுக்கும். உருமி உரக்க அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காது அல்லவா, அந்த முணுமுணுப்பை எடுத்து வைக்காமல் விடுவதுதான் எம்பி3இன் தந்திரம். ஜெர்மனியில் இதைச் செய்தவர்கள் ஓர் அமெரிக்கப் பெண் பக்கவாத்தியமில்லாமல் பாடிய பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் சல்லடையைச் சரிசெய்தார்கள். அந்தச் சல்லடையில் சீர்காழியும் எல்.ஆர். ஈஸ்வரியும் எப்படி விழுவார்கள் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். நன்றாகவே விழுந்தார்கள் என்பது என் அனுபவம். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. 128 எம்பியில் சுமார் 30 பாட்டு.

சிக்கல் அதற்கப்புறம் வரும் கட்டங்களில். ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2003 அக்டோபரில் விண்டோஸுக்கு வந்திருந்தது. கடையில் அதையும் வைத்திருந்தோம், வினாம்பையும் வைத்திருந்தோம். எதைத் திறந்தாலும் ஒரே கேள்விதான்: பாட்டின் பெயர், கலைஞர், ஆல்பம், ஆண்டு, வகை. 'கலைஞர்' என்ற ஒற்றைக் கட்டத்தைப் பார்த்துத்தான் நான் லாரி அண்ணனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேள்வி என்னுடையது இல்லை, கட்டத்தினுடையது.

இந்தக் கட்டத்துக்கு ஒரு பிறந்த கதை உண்டு. எம்பி3 கோப்பில் முதலில் பெயர் எழுத இடமே கிடையாது. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட் ஒட்டு போட்டார். அதற்கு ஐடி3 என்று பெயர். பாட்டுக்கு 30 பைட், கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு ஒன்றே ஒன்று. வகைகள் பூஜ்யத்திலிருந்து எண்ணிட்டு 80. ஜாஸ் உண்டு, ராக் உண்டு, போல்கா உண்டு. கர்நாடக சங்கீதம் கிடையாது. தெம்மாங்கும் கிடையாது. பட்டியலில் முதலாவது, அதாவது பூஜ்யம், ப்ளூஸ். எனவே வகைக் கட்டத்தை யாரும் நிரப்பாமல் வெறும் பூஜ்யமாக விட்ட கோப்புகளையெல்லாம் மென்பொருள் ப்ளூஸ் என்றே படிக்கும். எங்கள் கடைக் கணினியில் கே.பி. சுந்தராம்பாள் ப்ளூஸ் பாடகியாக இருந்தார், பெங்களூர் ரமணியம்மாளும்தான். யோசித்துப் பார்த்தால், பருத்தித் தோட்டத்தில் பிறந்த பாட்டுக்கும் கித்தா தோட்டத்தில் குடியேறிய பாட்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று சொல்லிக் கட்டுரை எழுதலாம். நான் அன்று அதை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன்.

முப்பது பைட் என்பது எவ்வளவு? ரோமன் எழுத்துக்கு முப்பது எழுத்து. விதிப்படி அந்த இடம் ரோமன் எழுத்துக்குத்தான். ஒரு பேச்சுக்கு அதில் யூனிகோடு தமிழை எழுதிப் பார்ப்போம். யுடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளிக்கும் மூன்று, கொம்புக்கும் மூன்று. 'தாப்பா' என்று எழுதினாலே 18 பைட் போய்விடும். கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதைக் கணக்குப் போட்டேன். கண்ணதாசன், 27, உட்கார்ந்துவிட்டார். இளையராஜா, 24, தாராளம். சௌந்தரராஜன், 33, கொள்ளவில்லை. விஸ்வநாதன், சரியாக 30. அளவெடுத்துத் தைத்ததுபோல் கடைசிப் புள்ளிவரை நிரம்பிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் ராமமூர்த்திக்கு இடமில்லை.

ராமமூர்த்தியைத் தனியாக உட்கார வைக்கலாம் என்றால் அவர் 33. கடைசிக் கொக்கி அறுந்து 'ராமமூர்த்த' என்று நிற்பார்.

1952இல் 'பணம்' படத்துக்கு இசையமைக்கச் சேர்ந்து, 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இருவர் பெயரும் ஒட்டியே வந்தது. பிறகு பிரிந்தார்கள். முப்பது வருடம் கழித்து 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு ஒருமுறை சேர்ந்தார்கள். விஸ்வநாதன் தனியாக மலையளவு பாட்டுப் போட்டார், ஜனங்கள் 'எம்எஸ்வி' என்று மூன்றெழுத்தில் மனப்பாடம் செய்துகொண்டார்கள். வயலின்காரர் ராமமூர்த்தி பழைய பெயரின் பின்பாதியாகவே மிஞ்சினார். 30 பைட் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்ததுபோல எனக்கு அந்த மத்தியானம் தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பேருக்கும் தலைக்கு 11 எழுத்து. நடுவில் ஓர் இடைவெளியையும் சேர்த்து 23. ஆங்கிலத்தில் அவர்கள் சௌகரியமாகச் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

1998இல் ஐடி3இன் இரண்டாம் பதிப்பு வந்து நீளக் கட்டுப்பாடெல்லாம் போய்விட்டது என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மை. தாப்பாவுக்கு வந்த மலிவுப் பிளேயர்களுக்கு அது தெரியாது. தமிழில் எழுதி ஏற்றினால் கேள்விக்குறியாகவோ கட்டம் கட்டமாகவோ காட்டும். கடைக் கணினியில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அதில்தான் அடிப்பேன். உலகத் தமிழர் தட்டச்சு செய்ய வழி சொன்னவர் எங்கள் நாட்டுக்காரர், ஆனால் என் கையில் இருந்த பிளேயருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே தமிழ்ப் பாட்டுக்கெல்லாம் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன்.

ஆங்கில எழுத்து என்றதும் அடுத்த தொல்லை. சுசீலாவை மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் சரி. கணினிக்கு அவர்கள் மூன்று பாடகிகள். ஒவ்வொரு சுசீலாவுக்கும் தனித்தனியாக ஏழெட்டுப் பாட்டு. இதைப் பார்த்து மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள். மலேசியத் தமிழனுக்கு இது பழகிய விஷயம். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூவரின் சூராட் பெரானாக்கிலும், அதாவது பிறப்புச் சான்றிதழிலும், அப்பாவின் பெயர் மூன்று விதம். அப்பா சொன்னது ஒரே பெயர்தான். காதில் விழுந்ததை எழுதியவர்கள் மூவர். அடையாள அட்டைப்படி நாங்கள் உடன்பிறந்தவர்களா என்று வங்கியில் ஒருமுறை கேட்டார்கள். ஆகவே சுசீலாக்களை ஒன்று சேர்க்கும் வேலையை நான் கொஞ்சம் அக்கறையாகவே செய்தேன்.

கலைஞர், அவருக்குக் கீழே ஆல்பம், ஆல்பத்துக்குக் கீழே பாட்டு என்று படி இறங்கும் ஏற்பாடு அமெரிக்காவிலிருந்து வந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது பக்கத்து வீட்டுச் சரக்கு. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம், கையடக்கக் கருவியில் இப்படிப் படிப்படியாகப் பாட்டைத் தேடும் முறைக்கு 2001 ஜனவரியில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. ஐபாட் வெளிவந்தது அந்த ஆண்டு அக்டோபரில். காப்புரிமை 2005இல் கிடைத்தது. மறு ஆண்டு ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. கிரியேட்டிவைத் தொடங்கிய சிம் வோங் ஹூ ஹார்மோனிகா வாசிப்பவர், கம்பத்தில் வளர்ந்தவர், 2023 ஜனவரியில் காலமானார். அவர் வளர்ந்த தீவில் தமிழ் ஆட்சிமொழி. அங்கேயும் திடலில் எம்ஜிஆர் படம் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரை ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அந்த ஏணியில் 'நடிகர்' என்று ஒரு படி கூடியிருக்கும் என்பது என் கட்சி.

லாரி அண்ணனிடம் திரும்புவோம். முப்பது பாட்டை அவர் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறதே. பழைய பில் தாளில் பென்சிலால் எழுதினார். நாற்பத்தாறு வந்தது. அடிக்க ஆரம்பித்தார். ஒரு பாட்டை அடிப்பார், மனசுக்குள் பாடிப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி எழுதுவார். ராத்திரி மூன்று மணிக்கு மலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு இறங்குவாராம். வளைவில் தூக்கம் வராமல் இருக்க வேண்டும், ஆனால் கண் கலங்கும் பாட்டும் கூடாது. ரேடியோவைப் போட்டால் மலை நடுவில் கரகரத்து நின்றுவிடும். லாத்தா இஸ்கந்தர் அருவிக்குக் கீழே வந்தபிறகுதான் மறுபடி பேசும். அதனால்தான் இது. சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் செருகும் எஃப்எம் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் ஏற்றி முடித்துக் கம்பியைக் கழற்றப் போகும்போது கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒண்ண எடுத்துட்டு ஒண்ணு போடு." குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது சிவாஜி பாட்டு.

"எந்த ஃபோல்டர்லண்ணே போட?"

"எம்ஜிஆர்லயே போடு. கடைசியா இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது."

அப்படித்தான் போட்டேன். என் கணினி வாழ்க்கையில் நான் தெரிந்தே எழுதிய பொய்த் தகவல் அது ஒன்றுதான்.

1998இல் வந்த முதல் பிளேயர்களில் ஒன்றான ரியோவுக்கு 32 எம்பி. எட்டுப் பாட்டோடு திருப்திப்பட வேண்டும். 2001இல் ஐபாட் ஆயிரம் பாட்டு என்று விளம்பரம் செய்தது. அளவில் இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த 128 எம்பி பிளேயர்களின் காலம் கொஞ்ச நாள்தான் நீடித்தது. இடம் குறைவாக இருந்தபோது ஜனங்கள் தங்கள் பாட்டை அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் பெரிசுகளின் புலம்பல்போல் ஒலிக்கும். இருந்தாலும் நான் கண்ணால் பார்த்தது அது. 2007 வாக்கில் 2 ஜிபி, 4 ஜிபி வந்ததும் யாரும் பென்சில் கேட்கவில்லை. "இருக்கறதெல்லாம் போட்டுடு" என்றார்கள். எனக்கு வேலை சுலபமாயிற்று, சுவாரசியம் போயிற்று.

கோயில் ஒலிபெருக்கியைச் சொல்கிறேன் என்றேனே. ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. லயம் முக்கால்வாசி காலி, ஆனால் வருடம் ஒருமுறை எங்கெங்கோ இருந்து எல்லாரும் வந்துவிடுவார்கள். கேசட்டுக்குப் பதில் இந்த முறை பிளேயர் என்று கமிட்டியில் முடிவு செய்து என்னிடம் கொடுத்தார்கள். முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, பிறகு எல்.ஆர். ஈஸ்வரி, பிறகு மற்றவை. வரிசை எண் போட்டு ஒழுங்காக ஏற்றினேன். பிள்ளையார் பாட்டில் இரைச்சல் இருந்தது, அதை அழித்தேன், நல்ல பிரதியை அப்புறம் தேடிப் போடலாம் என்று. அதற்குள் கமிட்டிப் பையன் ஒருவன், சாயங்காலம் இளைஞர்கள் நிகழ்ச்சிக்கு யோகி பி நட்சத்திராவின் பாட்டு ஒன்று வேண்டும் என்றான். 'வல்லவன்' ஆல்பம் வந்த புதிது, 2006. கடைசியில் கிடக்கட்டும் என்று ஏற்றினேன். பிறகு பிள்ளையார் பாட்டின் நல்ல பிரதியை 01 என்று எண் போட்டு ஏற்றினேன். திரையில் எல்லாம் வரிசையாகத்தான் தெரிந்தது.

திரையில் தெரியும் வரிசை கணினி நமக்காக அடுக்கிக் காட்டுவது. மலிவுப் பிளேயர்களில் பலவற்றுக்கு 01, 02 எல்லாம் படிக்கத் தெரியாது. உள்ளே இருக்கும் அட்டவணையில் எது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த வரிசையில் பாடும். பெரட்டில் ஆள் நிற்பதுபோல, வந்த வரிசைதான். ஒருவரை அழித்தால் அவர் இடம் காலியாகும், அடுத்து வருகிறவர் அங்கே போய் நிற்பார். நான் பிள்ளையாரை எழுப்பிவிட்ட இடத்தில் யோகி பி உட்கார்ந்துகொண்டார்.

விடிகாலை ஐந்து மணி. செம்பனைத் தோப்பு முழுக்கக் கேட்கும்படி நான்கு குழாய் ஒலிபெருக்கி. பூசாரி கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வரி ராப் ஓடியபின்தான் யாரோ ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கினார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் கை தட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று முதல் பிளேயரை முழுக்கத் துடைத்துவிட்டு, பாட்டுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றும் பழக்கம் வந்தது. நேரம் பிடிக்கும். வேறு வழியில்லை.

இன்னொரு தவறும் உண்டு. பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார், அதில் இருப்பதைப் பிளேயரில் போட வேண்டும் என்று. கேசட்டுக்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் கணினியில் பிடிக்க வேண்டும். பழைய நாளில் ரேடியோவிலிருந்து பதிவு செய்தது. பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பிறந்தநாள் வாழ்த்துப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்: இன்ன தோட்டம், இன்னார் மகள், வாழ்த்துபவர்கள் அப்பா அம்மா, தாத்தா பாட்டி, மாமா அத்தை. நான் நல்லெண்ணத்தில் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் சுத்தமாக எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"பாட்டு இருக்குப்பா. பேரக் காணோமே."

அவருக்கு வேண்டியது பாட்டே இல்லை. பாட்டுக்கு முன்னால் வந்த மகளின் பெயர். பாட்டு யாருடையது என்றுகூட அவருக்கு நினைவில்லை. அது எந்த வீட்டுச் சிடியிலும் கிடைக்கும். நல்லவேளை கேசட்டை அவர் தூக்கி எறியவில்லை. மறுபடி ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். இந்த முறை பேச்சை வைத்துக்கொண்டு, கலைஞர் கட்டத்தில் அந்தப் பெண்ணின் பெயரை அடித்தேன். கட்டத்தை நான் சரியாக நிரப்பிய ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் திருட்டுதானே என்று கேட்டால், ஆமாம். பசார் மாலாமில் 150 பாட்டு அடங்கிய சிடி விற்றார்கள். அவற்றைத் தடுக்க 2000இல் ஒளிவட்டுச் சட்டமே கொண்டுவந்தார்கள், விற்பனை நின்றபாடில்லை. அந்தச் சிடிக்களில் இருந்த பாட்டுகளில் பாதிக்குக் கலைஞர் கட்டத்தில் ஏதாவதோர் இணையதளத்தின் பெயர் இருக்கும். திருடியவன் தன் பெயரையும் பொறித்துவிட்டுத்தான் போவான். சட்டப்படி இணையத்தில் வாங்கவும் எளிதான வழியில்லை. ஆப்பிளின் பாட்டுக் கடை அமெரிக்காவில் 2003இல் திறந்தது, மலேசியாவுக்கு வந்தது 2012இல். இதையெல்லாம் சாக்காகச் சொல்லலாம். ஆனால் தவுக்கேயின் டிராயரில் விழுந்த வெள்ளியில் ஒரு காசுகூட அந்த வயலின்காரர்களுக்கோ தபலாக்காரர்களுக்கோ போகவில்லை என்பது மாறாது. அதில் என் சம்பளமும் அடக்கம்.

2009இல் கடையை விட்டேன். அதற்குள் ஹென்போனிலேயே பாட்டு வந்துவிட்டது. ஐபாட் செய்வதை ஆப்பிள் 2022 மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. கணினியில் கம்பி செருகிப் பாட்டு ஏற்றும் தொழில் என்று ஒன்று இருந்ததை இப்போது பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு விஷயத்தில் லாரி அண்ணன் ஜெயித்துவிட்டார். இன்று போனை வாய்க்கு அருகே வைத்து 'எம்ஜிஆர் பாட்டு' என்று சொன்னால் எம்ஜிஆர் பாட்டுதான் வருகிறது. ஏற்றுகிறவர்கள் எல்லாரும் திடலில் உட்கார்ந்து பார்த்தவர்களின் பிள்ளைகள். கலைஞர் கட்டத்தை யாரும் மதிக்கவில்லை. 'எம்ஜிஆர் தத்துவப் பாடல்கள்', 'சிவாஜி சோகப் பாடல்கள்' என்று தங்கள் வழக்கப்படியே பெயர் வைத்து உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி கொடுத்த போனில் 'படகோட்டி' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1964 படம், வெளிவந்தபோது பெயர்ப்பலகையில் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. பழைய வழக்கம் விடாமல் பாட்டின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். இப்போது 30 பைட் கட்டுப்பாடு கிடையாது, எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். இசை: எம்.எஸ். விஸ்வநாதன் என்று மட்டும் போட்டிருந்தது.